நான் வைத்த மீட்டர்

பதுளையிலிருந்து முக்கால் மணி நேரப் பஸ் தூரத்தில் இருக்கும் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்தபோது, அது என்ன வேலை என்று அம்மாவுக்கு விளங்க வைக்க முடியவில்லை. தைக்கிற வேலை இல்லை. சம்பளக் கணக்கு எழுதுகிற வேலையும் இல்லை. தொழிற்சாலை எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது, எவ்வளவு தண்ணீர் செலவழிக்கிறது, இஸ்திரிக்கு நீராவி கொடுக்கும் பொய்லருக்கு எவ்வளவு விறகு போகிறது, வெட்டு மேசையிலிருந்து எவ்வளவு துணி குப்பைக்குப் போகிறது என்று அளந்து, எங்களிடம் சட்டை வாங்கும் வெளிநாட்டுக் கம்பனியின் படிவத்தில் மாதாமாதம் நிரப்ப வேண்டும். படிவத்தைப் பார்த்து அவர்கள் எங்களுக்குப் பரீட்சைக்குப் போடுவதுபோல் புள்ளி போடுவார்கள். மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காமல், நாளைக்கும் மிச்சம் வைத்து உற்பத்தி செய்கிறோமா என்று பார்ப்பதுதான் அந்தப் புள்ளியின் நோக்கம். பல்கலைக்கழகத்தில் நான் படித்ததும் அதைத்தான். அந்த நோக்கத்தை நம்பித்தான் வேலைக்குப் போனேன். இப்போதும் நம்புகிறேன். அதனால்தான் இதை எழுதுவது கஷ்டமாக இருக்கிறது.

அம்மா எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லோரிடமும், "என் மக கார்மென்ட்ஸ்ல தண்ணி அளக்குறா" என்று சொல்லி வைத்தார். அது ஒன்றும் பிழையில்லை.

அதே தொழிற்சாலையில்தான் அக்கா பதினொரு வருஷமாகத் தைத்துக்கொண்டிருந்தாள். அக்கா என்றால் பெரியம்மாவின் மகள். நமுனுகுல பக்கம் எங்கள் தோட்டத்து லயத்தில் இரண்டு குடும்பத்துக் காம்பராவுக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் காலர் தைப்பவள். சட்டையில் காலர் தைப்பதுதான் கஷ்டம் என்பார்கள். கை பிசகினால் சட்டையே முகம் கோணிப் போகும். புதிதாக வரும் பெண்களை மேற்பார்வையாளர் முதலில் அவள் பக்கத்தில்தான் உட்கார வைப்பார். தோட்டத்துக் கடைச் சந்திக்கு வரும் தொழிற்சாலை பஸ்ஸில் நாங்கள் இருவரும் ஒரே சீட்டில் போய் வந்தோம். உள்ளே போனதும் அவள் கீழே தையல் மண்டபத்துக்குப் போவாள். நான் மேலே ஒஃபிசுக்குப் போவேன்.

நான் சேர்ந்த வருஷம் வெயில் காலம் நீண்டுவிட்டது. தொழிற்சாலைக்குத் தண்ணீர் தரும் ஊற்று மெலிந்து, வாரத்தில் இரண்டு மூன்று நாள் பௌசர் லொறியில் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. படிவத்திலும் எங்களுக்கு ஆகக் குறைந்த புள்ளி தண்ணீருக்குத்தான். ஒரு சட்டைக்கு எத்தனை லீட்டர் என்று கேட்கிறார்கள். எங்கள் எண்ணைப் பார்த்தால் துணிக்குச் சாயம் போடுகிற இடம் மாதிரி இருந்தது. நாங்கள் தைப்பது மட்டும்தான். அவ்வளவு தண்ணீர் எங்கே போகிறது என்று தொழிற்சாலையை நடத்தும் முகாமையாளர் கேட்டார். வாசலில் ஒரே ஒரு பெரிய மீட்டர்தான் இருந்தது. அதைப் பார்த்து யாராலும் பதில் சொல்ல முடியாது. பொய்லருக்கு ஒன்று, கேன்டீனுக்கு ஒன்று, பெண்களின் கழிப்பறைக் கட்டிடத்துக்கு ஒன்று என்று மூன்று சின்ன மீட்டர் வைக்கலாம் என்று நான் சொன்னேன். வைத்தார்கள்.

தினமும் காலையில் வேலை தொடங்கும்போதும் மாலையில் முடியும்போதும் மூன்று இடத்துக்கும் போய்க் குனிந்து பார்த்து ஒரு கொப்பியில் எழுதுவேன். கழிப்பறை மீட்டர் கட்டிடத்தின் வெளிச்சுவரில், பைப் உள்ளே நுழையும் இடத்தில் இருந்தது. எட்டுக் கழிப்பறை உள்ள அந்தக் கட்டிடத்துக்குள் நான் ஒரு தடவைகூடப் போனதில்லை. ஒஃபிஸ் ஆட்களுக்கு மேல் மாடியில் வேறு கழிப்பறை இருந்தது. உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்ற யோசனையே எனக்கு வரவில்லை. எண் வெளியில் கிடைத்துவிட்டதே.

ஒரு மாதக் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது பாதிக்கு மேல் கழிப்பறைக் கட்டிடத்தில்தான் போயிருந்தது. எனக்கு ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்ட பூரிப்பு. கலர் கலராக வட்டப் படம் போட்டு இரண்டு பக்க அறிக்கை தயாரித்தேன். முதல் பக்கத்தில் படம். இரண்டாம் பக்கத்தில் என்ன செய்யலாம் என்று நாலைந்து வரி: பைப் இணைப்புகளைப் பரிசோதிக்க வேண்டும், சிக்கனமான குழாய் பொருத்த வேண்டும், இப்படி. அந்த வரிகளை ஒரு பயிற்சிக் கையேட்டிலிருந்து அப்படியே எடுத்து எழுதியிருந்தேன்.

கூட்டத்தில் முகாமையாளர் முதல் பக்கத்தோடு நின்றுவிட்டார். உற்பத்திப் பிரிவுத் தலைவர் படத்தைப் பார்த்துச் சிரித்தார். பெண்கள் அங்கே போய் ஃபோன் பேசுகிறார்கள், முகம் கழுவுகிறார்கள், தலை சீவுகிறார்கள், அதுதான் இது என்றார். தனக்கு முன்பே தெரியும், இப்போது சாட்சி கிடைத்திருக்கிறது என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டாம் பக்கத்தைத் திருப்பச் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த அறையில் வயதில் சின்னவள் நான்தான். என் சிங்களமும் அவ்வளவு சரளமில்லை. எண் சரிதானே என்று முகாமையாளர் கேட்டார். சரி என்றேன். எண் சரியாகத்தான் இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை எட்டில் நான்கு கழிப்பறைக்குப் பூட்டுப் போட்டார்கள். மீதி நான்குக்கும் தேநீர் நேரத்திலும் சாப்பாட்டு நேரத்திலும் மட்டும் தண்ணீர் திறந்துவிட ஏற்பாடு. இடையில் போக வேண்டுமென்றால் மேற்பார்வையாளரிடம் ஓர் அட்டையை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு போக வேண்டும். முப்பது பெண்கள் இருக்கும் ஒரு தையல் வரிசைக்கு ஒரே ஓர் அட்டை. ஒருத்தி திரும்பி வந்தால்தான் அடுத்தவள் போகலாம். போய்விட்டு வர எத்தனை நிமிடம் என்று ஒரு தாளில் எழுதினார்கள்.

இது என் அறிக்கையில் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் எழுதியது வேறு, இவர்கள் செய்வது வேறு; வெயில் காலம் முடிந்ததும் எடுத்துவிடுவார்கள் என்றும் சொல்லிக்கொண்டேன். அதோடு மீட்டர் காட்டும் செலவு இறங்கத் தொடங்கியது. ஒவ்வொரு மாலையும் குனிந்து பார்க்கும்போது அன்றைய செலவு பூட்டுவதற்கு முந்தைய நாட்களைவிடக் குறைவாக இருக்கும். சந்தோஷப்பட்டேன். அதை இங்கே மறைக்கப் போவதில்லை. படிவத்தில் எங்கள் புள்ளி ஏறியது. கேன்டீனில் கேக் வெட்டினார்கள். அறிவித்தல் பலகையில் என் ஃபோட்டோவை ஒட்டி, தண்ணீரைக் காத்தவர் என்று மூன்று மொழியிலும் எழுதிவைத்தார்கள்.

அக்காவின் பையில் எப்போதும் ஒரு பெரிய போத்தல் இருக்கும். கொத்தமல்லி போட்டுக் காய்ச்சிய தண்ணீர். பஸ்ஸிலேயே பாதி குடித்துவிட்டு எனக்கும் தருவாள். அந்த மாதம் ஒரு நாள் தாகமாக இருக்கிறது என்று கேட்டபோது, கொண்டுவரவில்லை என்றாள். மறுநாளும் இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"பை பாரமா இருக்கு" என்றாள்.

அது காரணமில்லை என்று எனக்குத் தெரிந்தது. எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது என்று பார்ப்பதுதானே என் தொழில். ஆனாலும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அந்தப் பஸ் பயணத்தை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். அன்று சாயந்தரமே நான் முகாமையாளரிடம் போயிருக்கலாம்.

சில வாரம் கழித்து, எங்கள் எண்கள் உண்மைதானா என்று சரிபார்க்கக் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். தமிழும் நன்றாகப் பேசினார், பொறுமையான மனிதர். மீட்டர்களைப் பார்த்தார், கொப்பியைப் புரட்டினார், ஒவ்வொரு நாள் கூட்டலையும் தானே போட்டுப் பார்த்தார். எல்லாம் சரி. கடைசியில் அவருடைய தாளில் ஒரு கேள்வி இருந்தது: இந்தச் சிக்கனத்தால் தொழிலாளர்களுக்கு ஏதாவது சிரமம் உண்டா? என்னிடம் வாசித்துக் காட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். புகார் எதுவும் பதிவாகவில்லை என்றேன். பொய் இல்லை. புகார்ப் பெட்டியைத் திறந்து பார்த்தால் ஒரு கடதாசிகூட இருக்காது. அவர் என் வசனத்தை அப்படியே எழுதிக்கொண்டார்.

தையல் மண்டபத்திலிருந்து ஐந்து பெண்களை அவரே தெரிவு செய்து தனித்தனியாகப் பேசினார். அதில் அக்காவும் ஒருத்தி. பஸ்ஸில் வரும்போது, என்ன கேட்டார் என்று விசாரித்தேன்.

"தண்ணி, கக்கூஸ் எல்லாம் எப்பிடின்னு கேட்டாரு. நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன்."

"ஏன்க்கா அப்பிடிச் சொன்ன?"

"வேற என்னத்த சொல்றது? உன் ஃபோட்டோ அங்க மாட்டியிருக்கே."



அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது அதற்கு அடுத்த மாதம். முதலில் அடிவயிறு எரிகிறது என்று சொல்லிக்கொண்டே வேலைக்கு வந்தாள். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒரு காலையில் எழுந்திருக்க முடியாமல் உடம்பு தூக்கிப் போட்டது. ஆட்டோ பிடித்துப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அத்தான் கொழும்பில் கடை வேலையில் இருந்தார், அதனால் நான்தான் கூட நின்றேன். சிறுநீரில் கிருமி ஏறி அது சிறுநீரகம்வரை போயிருக்கிறது என்றார் டாக்டர். என் வயதுதான் இருக்கும் அந்தப் பெண் டாக்டருக்கு. ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிப்பீர்கள் என்று அக்காவிடம் சிங்களத்தில் கேட்டார். வேலை நேரத்தில் குடிப்பதில்லை என்றாள் அக்கா. வேலை செய்கிற இடத்தில் கழிப்பறை இல்லையா என்று டாக்டர் கேட்டார்.

அக்கா ஒரு தடவை என் பக்கம் பார்த்தாள். பிறகு டாக்டரிடம், இருக்கிறது, எனக்குத்தான் இடையில் எழுந்து போய்ப் பழக்கமில்லை என்றாள்.

டாக்டர் என் பக்கம் திரும்பி, நீங்களும் அங்கேதானா என்றார். நான் ஒஃபிஸில் என்றேன். அவ்வளவுதான் என் வாயிலிருந்து வந்தது.

பத்து நாள் வார்டில் இருந்தாள். மருந்து ஏற்றும்போது கை வீங்கி, வேறு கைக்கு மாற்றி, அதுவும் வீங்கிற்று. தினமும் வேலை முடிந்ததும் போய் அவளுக்குத் தலை பின்னிவிடுவேன். அங்கே வைத்துச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பேன். பக்கத்துக் கட்டிலில் ஆள் இருக்கும், பார்வையாளர் நேரம் முடிந்துவிடும். உண்மையில் எனக்குத் தைரியம் வரவில்லை.

அக்கா வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போனேன். பெரியம்மா விறகு பொறுக்கப் போயிருந்தார். அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். உட்காராமலே சொன்னேன்: அந்த மீட்டர் நான் கேட்டு வைத்தது, கழிப்பறையில்தான் தண்ணீர் போகிறது என்று எழுதிக் கொடுத்தது நான், அதை வைத்துத்தான் பூட்டினார்கள், பூட்டியதைப் பார்த்தும் பேசாமல் இருந்தேன்.

அவள் அதிர்ச்சி அடையவில்லை.

"தெரியும்டி. நீ சொவர் ஓரம் குனிஞ்சி பாத்துக்கிட்டு நின்னத அன்னைக்கே நாங்க எல்லாரும் பாத்தோமே." சற்று நிறுத்தி மூச்சு வாங்கினாள். "எங்களுக்கு அப்ப சந்தோஷம்தான். டேங்கி எல்லாம் ஒழுகுதுன்னு சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருந்தோம். சூப்பர்வைசர்கிட்ட எத்தன தடவ எழுதிக் குடுத்தோம். சரி, நம்ம புள்ள வந்து பாக்குது, இனிமே செஞ்சிருவாங்கன்னு நெனச்சோம்."

"ஒழுகுதா?"

"சும்மாவே ஓடும். இழுத்துவிட்டா நிக்காது. உள்ள வந்து பாத்திருந்தா சத்தம் கேட்டிருக்குமே."

என்னை யாராவது கன்னத்தில் அறைந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் திங்கட்கிழமை. ஒஃபிசுக்குப் போனதும் மீட்டர் வைத்த முதல் மாதத்துக் கொப்பியை எடுத்தேன். சனிக்கிழமை மாலை எழுதிய எண்ணையும் திங்கட்கிழமை காலை எழுதிய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலை மூடியிருக்கும். காவல்காரருக்கு வாசலில் தனிக் கழிப்பறை. அந்தக் கட்டிடத்துக்குள் ஒரு மனுஷியும் இல்லாத நாளில் மீட்டர் ஓடியிருந்தது. கொஞ்சமாக அல்ல. வேலை நாளில் ஓடியதில் பெரும்பங்கு ஞாயிற்றுக்கிழமையும் ஓடியிருந்தது. நான்கு வாரமும் அப்படித்தான். பெண்கள் செலவழித்தது மிகக் கொஞ்சம். மற்றதெல்லாம் தேய்ந்துபோன தொட்டிகளிலிருந்து இரவும் பகலும் வீணாக ஓடிய தண்ணீர். தண்ணீரை மூடியதால்தான் எண் இறங்கியதே தவிர, அவர்களை அடக்கியதால் அல்ல.

இரண்டு எண்ணும் என் கையெழுத்தில்தான் இருந்தன. மாதக் கூட்டல் போடும் அவசரத்தில் நான் அவற்றைக் கழித்துப் பார்க்கவே இல்லை. கொழும்பிலிருந்து வந்தவரும் கூட்டலைத்தான் பார்த்தார். கூட்டல் சரி.

இந்தத் தடவை ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு போனேன். முகாமையாளர் மேசைக்கு முன்னால் நின்று என் உடைந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்ததையும் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. தாளை இரண்டு தடவை வாசித்துவிட்டு, பராமரிப்பு ஆளைக் கூப்பிட்டு என்னோடு அனுப்பினார். அன்றுதான் முதன்முதலாக அந்தக் கட்டிடத்துக்குள் போனேன். தண்ணீர் திறந்ததும் எல்லாப் பக்கமும் ஒரே இரைச்சல். எட்டில் ஆறு தொட்டியில் வால்வு தேய்ந்திருந்தது. இரண்டு நாளில் மாற்றிவிட்டார்கள். பூட்டுகளை எடுத்தார்கள். தண்ணீர் நாள் முழுவதும் வந்தது. அட்டை மட்டும் போகவில்லை. அது தண்ணீர் விஷயமில்லை, ஒழுங்கு விஷயம் என்றார் உற்பத்தித் தலைவர். வாதாடி வாதாடி வரிசைக்கு மூன்று அட்டை என்று ஆக்க முடிந்தது.

மீட்டர் காட்டும் செலவு ஏறவில்லை. அதைக் கண்டதும் எல்லோருக்கும் திருப்தி. அந்த மாதப் படிவத்தில், முந்தைய மாதங்களில் காட்டிய சிக்கனம் தொழிலாளர்கள் கழிப்பறை போவதைத் தடுத்துக் கிடைத்தது என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதுதான் சரிசெய்துவிட்டோமே, இப்போது எதற்கு என்று முகாமையாளர் மெதுவாகக் கேட்டார். அழித்துவிட்டேன். கசிவு கண்டறிந்து நீக்கப்பட்டது என்று மட்டும் போயிற்று. அதற்கும் புள்ளி கிடைத்தது.

தையல் மண்டபத்துப் பெண்கள் என்னைக் கண்டால் சிரிக்கத் தொடங்கினார்கள். நான் பேசித்தான் கழிப்பறை திறந்தது என்று செய்தி பரவியிருந்தது. பஸ்ஸில் ஒரு பெண் எனக்காக இடம் பிடித்து வைத்து, நன்றி என்று சொன்னாள். நானும் தலையை ஆட்டிவைத்தேன். இரண்டு வாரம் அப்படியே தலையாட்டிக்கொண்டு திரிந்தேன். பிறகு முடியவில்லை. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கீழே கேன்டீனுக்குப் போய், அக்கா முன்பு வழக்கமாகச் சாப்பிடும் மேசையில் உட்கார்ந்து, பூட்டுவதற்குக் காரணமும் நான்தான் என்று சொன்னேன். ஒருத்தி சாப்பிடுவதை நிறுத்தினாள். மற்றவர்கள் தொடர்ந்து சாப்பிட்டார்கள். கடைசியில் வயதில் மூத்த ஒருவர், "சரி புள்ள, முன்னாலயே ஒரு வார்த்த எங்ககிட்ட கேட்டிருக்கலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

பஸ்ஸில் யாரும் அதற்குப் பிறகு எனக்கு இடம் பிடித்து வைப்பதில்லை.

அக்கா திரும்பி வரவில்லை. தொழிற்சாலையில் இடம் தரத் தயாராகத்தான் இருந்தார்கள். காலர் தைக்க அவளைப் போல் ஆள் கிடைக்கவில்லை. அவள் இப்போது தோட்டத்தில் பேர் பதிந்து தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறாள். மெஷின் முன்னால் உட்கார்ந்தே இருந்தவளுக்குச் சரிவில் நிற்பது முதலில் கஷ்டமாக இருந்தது. மலையில் கக்கூஸே கிடையாதே, திரும்பி வந்துவிடு என்று நான் கெஞ்சினேன்.

"அங்க யார்கிட்டயும் அட்ட வாங்கத் தேவையில்ல" என்றாள்.

ஒரு சிறுநீரகம் சற்றுச் சுருங்கியிருக்கிறது என்று பிறகு எடுத்த ஸ்கேனில் தெரிந்தது. மாதம் ஒரு தடவை கிளினிக். அந்த நாளில் நான் லீவு போட்டுவிட்டு அவளோடு பதுளைக்குப் போகிறேன். அவள் வேண்டாம் என்று சொல்வதில்லை. வா என்றும் சொல்வதில்லை. வரிசையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவோம். தொழிற்சாலையைப் பற்றி அவளாகக் கேட்க மாட்டாள்.

போன மாதம் மட்டும் கேட்டாள். "இப்பவாவது உள்ள போய் பாக்குறியா?"

"ஒவ்வொரு திங்கக்கெழமையும் போறேன்க்கா. தைக்கிறவங்ககிட்டயும் கேக்குறேன்."

"என்ன சொல்றாங்க?"

சிலர் சொல்கிறார்கள், சிலர் இன்னும் என்னிடம் சொல்வதில்லை என்றேன். அவளுடைய இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். முழங்காலில் கை ஊன்றி எழுந்து, கிளினிக் கொப்பியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கூட வரட்டுமா என்று கேட்டேன். தேவையில்லை, தானே பேசிக்கொள்வதாகச் சொன்னாள்.